கூடப் பிறந்தவர் உண்டா என்று கேட்டார்கள்

மகனே,

உன் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்கும் முன் ஒரு தடவை பார்த்துத் தரும்படி ஹட்டன் அச்சகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். பிழை திருத்துவது ஆசிரியத் தொழிலில் பாதி என்பதால் சிவப்புப் பேனையோடுதான் உட்கார்ந்தேன். 'பெற்றோர்' என்று போட்டு அதன் கீழ் என் பெயரும் உன் அப்பாவின் பெயரும் இருந்தன. அதற்கும் கீழே 'தாய்மாமன்' என்று டயகம தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அண்ணனின் பெயர். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் பேனையை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன்னைப் பெற்றது என் அண்ணனும் அண்ணியும். வளர்த்தது நாங்கள். இது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும், சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும், யாரும் யாரிடமும் மறைத்த விஷயம் கிடையாது. இருந்தும், தாய்மாமன் என்ற அந்த ஒரு சொல்லில் நாங்கள் எல்லாரும் அவ்வளவு உறுதியாக இருந்ததால், உனக்குள் இருந்த ஒரு நோய் கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கும். அதைக் கண்டுபிடித்ததும் உன்னை இன்று மாப்பிள்ளையாக நிற்கவைத்திருப்பதும் நான் ஒரு காலத்தில் நம்பாத ஒரு படிப்பு. கல்யாண வீட்டில் இதையெல்லாம் பேச நேரம் கிடைக்காது. நேரம் கிடைத்தாலும் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிக்கும்படி எழுதலாமா என்று உன்னிடம் கேட்டபோது, "என்கிட்ட கேக்காதீங்க, தர்ஷினிகிட்ட கேளுங்க" என்றாய். சரிதான். முதலில் நோயில் விழுந்தது அவள். அண்ணனின் மகளிடம் போய்க் கேட்டேன். இப்போதும் அவளுக்கு வார்த்தைகள் மெதுவாகத்தான் வருகின்றன, ஒவ்வொன்றையும் வாய்க்குள் தேடி எடுத்து வைப்பதுபோல. "பேரையும் போட்டே எழுதுங்க அத்தை," என்றாள். "லயத்துல எனக்கு வச்ச பேர விட இது நல்லாத்தானே இருக்கு." லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், அவளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்பதை நான் எழுதப்போவதில்லை.

நீ எங்களிடம் வந்த கதையை உனக்கு நான் சுருக்கமாகத்தான் சொல்லியிருக்கிறேன். என் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அதோடு கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதே மாதத்தில்தான் டயகமவில் அண்ணிக்கு நீ பிறந்தாய், அவர்களுக்கும் நீ முதல் பிள்ளை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து கொட்டகலைக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஒரு காலையில் அண்ணன் உன்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். "பால வீணாக்காத தங்கச்சி" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அண்ணி வாசலிலேயே நின்று அழுதார், ஆனால் உன்னை என் மடியில் வைத்தது அவர் கைதான். முதல் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது என்று லயமே சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகு பல வருஷம் அவர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனபோது அதைக் குத்திக் காட்டியவர்களும் உண்டு. பிறகுதான் தர்ஷினி பிறந்தாள்.

அன்றிலிருந்து அண்ணன் உன்னை 'மருமகனே' என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. நீ நடக்கப் பழகிய வயதில் அங்கே போய் அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தாய். பக்கத்துக் காம்பிராவில், லயத்தின் அடுத்த அறையில், இருந்த ஒருவர், "அப்பன் முதுகு சொகமா இருக்காடா?" என்று விளையாட்டாகக் கேட்டார். "தாய்மாமன் முதுகுங்க" என்று அண்ணன் திருத்தினார். சிரிக்காமல் திருத்தினார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல ஒரு வார்த்தைகூட வாயில் வந்துவிடக்கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட கட்டு. உனக்கும் அவர் மாமா, அண்ணி மாமி, தர்ஷினி மாமன் மகள், அவளுக்கு நீ மச்சான். கதை தெரியாதவர்கள் கேலியும் பேசினார்கள். கொட்டகலைக் கடைவீதியில் நாம் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர் நானா, "என்ன டீச்சர், மாமன் மகள் இருக்கக்குள்ள மஸ்கெலியாவுல பொண்ணு பாக்குறீங்களாமே, அண்ணன் கோவிக்க மாட்டாரா?" என்று நீ கட்டப்போகும் நிரோஷாவைப் பற்றிப் பேச்சு வந்த புதிதில் கேட்டார். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கவா முடியும்? "அண்ணன்தான் நானா அந்தப் பொண்ண முதல்ல பாத்தது" என்று சொல்லிவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ மூலக்கூற்று உயிரியல் படிக்கப் போவதாகச் சொன்னபோது நான் மகிழ்ச்சி காட்டவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. நான் புவியியல் படித்த காலத்தில், தோட்டங்களை ஆராய வந்தவர்களுக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறேன். வாரத்தில் எத்தனை முட்டை சாப்பிடுகிறீர்கள், கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்கு ஒன்று என்று என் சொந்த லயத்து ஆட்களிடமே கேட்டிருக்கிறேன். கொழுந்தெடுத்துக் களைத்து வந்தவர்கள் நின்றபடி பதில் சொன்னார்கள். சில தடவை விரலில் ஊசி குத்தி இரத்தமும் எடுத்தார்கள். என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொன்னவர் யாரும் இல்லை. எனக்குப் பட்டம் கிடைத்தது, ஆராய வந்தவர்களுக்கும் ஏதோ கிடைத்திருக்கும், லயத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே நீ கண்டியில் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, மனநோய் உள்ளவர்களின் மரபணுவைப் படிக்கிறோம் என்றபோது, "படிச்சிட்டு?" என்று மட்டும் கேட்டேன். "படிச்சிட்டு, திரும்பப் போய்ச் சொல்லணும்மா. அதுவும் வேலையில சேர்ந்ததுதான்" என்றாய். எல்லாரும் ஆரம்பத்தில் இப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் தர்ஷினிக்கு நோய் வந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். முதலில் எழுத்துச் சிறுத்தது. கொப்பியில் வரி தொடங்கும் இடத்தில் பெரிதாக இருக்கும் எழுத்து வரி முடியும் இடத்தில் எறும்பு போலாகும். பிறகு காரணமில்லாமல் சிரித்தாள், பிறகு காரணமில்லாமல் அண்ணியை அடித்தாள், பிறகு கூரையில் யாரோ நடப்பதாகச் சொன்னாள். மாரியம்மன் கோயிலில் வைத்து வேப்பிலை அடித்தார்கள். அண்ணனை நான் குறை சொல்லமாட்டேன், என் வீட்டில் நடந்திருந்தால் நானும் யார் சொன்னதையும் கேட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் மனநல வாட்டில் சேர்த்தார்கள். அங்கே கொடுத்த மருந்தில் சத்தம் அடங்கியது, ஆனால் உடம்பு மரக்கட்டையாக இறுகியது, வாயோரம் எச்சில் வடிந்தது. அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சோறு சாப்பிடவில்லை. "எங்க ஆய்வுல சேர்க்கலாமான்னு மாமாகிட்ட கேக்கவா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. உன் மாமன் மகளும் உனக்கு ஓர் இரத்தக் குப்பியா என்று கேட்டேன். நீ அண்ணனிடம் நேராகப் போய்க் கேட்டாய். அவர் சம்மதித்தார்.

அந்த ஆய்வில் ஒரு வழக்கம் இருந்தது. மனநோய் என்று ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் முன், மனநோய்போல வேஷம் போட்டு வரும் வேறு நோய்கள் இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தபோதுதான் தர்ஷினியின் இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம் மிகக் குறைவாக இருந்தது. கண் டொக்டர் விளக்கைக் குவித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றித் தேயிலைச் சாயம் படிந்ததுபோல ஒரு வளையம். அந்தக் கண்ணை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பூனைக்கண் என்று கொஞ்சியிருக்கிறேன். அது ஈரலில் தேங்கி வழிந்து, மூளைக்கும் கண்ணுக்கும் போய்ப் படிந்த செம்பு. அந்த நோய்க்கு ஒரு வெள்ளைக்காரரின் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் அதைச் செம்பு வியாதி என்றே சொல்கிறோம். பிறகு மரபணுவை எழுத்தெழுத்தாக வாசித்து, எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்றும் கண்டுபிடித்தீர்கள். முந்நூறு கோடி எழுத்தில் ஒன்று. நாற்பது பரீட்சைத் தாள் திருத்தினாலே கண் இருட்டிப் பிழையைத் தவறவிடும் எனக்கு, அன்றைக்குத்தான் உங்கள் வேலையின் மீது முதல் மரியாதை வந்தது.

அதன் பிறகு பேராசிரியை எங்களை அழைத்துப் பேசிய அந்த அறையை நீ மறந்திருக்கமாட்டாய். உங்கள் குழுவுக்குத் தலைவி, சிங்களப் பெண்மணி, தோட்டத்து ஆட்களோடு பேசுவதற்காகவே தமிழ் கற்றுக்கொண்டவர். அண்ணன், அண்ணி, நான், அவருக்குப் பக்கத்தில் பென்சிலோடு நீ. குடும்பப் படம் வரைந்துகொண்டிருந்தாய். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அண்ணனும் அண்ணியும் அத்தை மகன், மாமன் மகள் என்பதால் அவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு. அந்தப் படத்தில் நானும் ஒரு வட்டமாக இருந்தேன், என் பக்கத்தில் உன் அப்பா ஒரு சதுரம், எங்களுக்குக் கீழே இன்னொரு சின்னச் சதுரமாக நீ. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

"தர்ஷினிக்கு அண்ணா, தம்பி, அக்கா, தங்கச்சி யாரும் இருக்கா?" என்று பேராசிரியை கேட்டார்.

"இல்லைங்க டொக்டர். ஒத்தப் புள்ள" என்றார் அண்ணன்.

"அது ஒரு வகைக்கு நல்லது. இருந்தால் உடனே பார்க்க வேண்டும். அப்பா அம்மா இரண்டு பேரிடமும் இந்த எழுத்து ஒவ்வொன்று இருக்கிறது. கூடப் பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு பங்கு வரலாம். வெளியில் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பிந்திவிடும்."

அண்ணி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, "டொக்டர், ஒண்ணு கேக்கவாங்க? கூடவே வளந்தாத்தான் வருமா? வேற எடத்துல வளந்தா வராதா?" என்றார்.

"எங்கே வளர்ந்தாலும் ஒன்றுதான் அம்மா. யாருக்குப் பிறந்தது என்பதுதான்."

"நீ சும்மா இரு புள்ள" என்றார் அண்ணன்.

"நான் என்னத்தச் சொல்லிட்டேன் இப்ப. கேட்டேன், அவ்வளவுதானே."

அண்ணி உன்னைப் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். சொல்லும் உரிமை எனக்குத்தான் என்று விட்டுக்கொடுத்துக் காத்திருக்கும் பார்வை. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நம்பு, அதுவரை உறைக்கவில்லை. கூடப் பிறந்தவர் உண்டா என்ற கேள்வியைக் காதால் கேட்டும் என் மனம் உன்னை எடுத்து அந்த இடத்தில் வைக்கவில்லை. உனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்பது என் வீட்டில் ஒரு நாளும் யாரும் கேள்வி கேட்காத உண்மை. ஊரெல்லாம் போய்க் குடும்பப் படம் வரைகிற உனக்கும் உறைக்கவில்லை. உன் பென்சில் தாளில் ஊன்றியபடி நின்றது. முறை தெரியாதவன் ஒருவன் அந்தப் படத்தை வரைந்திருந்தால் தவறியிருக்கமாட்டான். முறை தெரிந்ததுதான் நமக்கு வினையாகப் போயிற்று.

"இவனும் அவங்களுக்குப் பிறந்தவன்தான்" என்றேன். ஆசிரியர் கூட்டத்தில் பேசும் குரலில் வந்தது. "நாங்க வளத்தோம்."

பேராசிரியை உன் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. "நீ ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "மறந்துட்டேன் மேடம்" என்றாய்.

மகனே, அவ்வளவு பயத்திலும், நீ மறந்துபோனாய் என்பது எனக்குத் தேனாக இருந்தது. வெட்கத்தோடுதான் சொல்கிறேன். நாலில் ஒரு பங்கு என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் உள்ளுக்குள் இனித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு நீ அழிறப்பரால் அழித்து மறுபடி வரைந்தாய். வளர்ப்புப் பிள்ளைக்கும் உங்கள் படிப்பில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சதுரத்துக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி. பெற்றவர்களிடமிருந்து முழுக்கோடு. வளர்த்தவர்களிடமிருந்து புள்ளிக்கோடு. அண்ணன் அதைப் பார்க்காமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களுக்கான புள்ளிகளை நீ நெருக்கி நெருக்கி வைத்தாய், தூரத்திலிருந்து பார்த்தால் கோடு என்றே சொல்லலாம்.

உன் இரத்தத்தை நீயே சோதிக்க அனுமதியில்லை என்று சொல்லி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை நீ மற்றவர்களுடைய இரத்தக் குப்பிகளோடு வேலை செய்துகொண்டிருந்தாய். அதே கட்டடத்தில், அதே இயந்திரத்தில் உன் விதி ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டார். "பாக்கலையா?" என்று நான் தொலைபேசியில் கேட்டேன். "எல்லாருக்கும் உள்ள வரிசைதாம்மா எனக்கும்" என்றாய். நான் உன்னை வளர்த்ததில் எதற்கெல்லாமோ பெருமைப்பட்டிருக்கிறேன், வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு, பரிசு வாங்கியதற்கு. அவையெல்லாம் ஒன்றுமில்லை.

முடிவு வந்த அன்று, பள்ளிக்கூட இடைவேளையில் அழைத்தாய். ஆசிரியர் அறையிலிருந்து வெளியே வரச் சொன்னாய். மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்ததால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். "எனக்கும் இருக்கும்மா. ரெண்டு பிரதியிலயும். பயப்படாதீங்க, ஈரல் இன்னும் நல்லா இருக்கு, கண்ணுல வளையம் இல்ல. மாத்திர இன்னைக்கே தொடங்குறேன். ஒழுங்கா குடிச்சா ஒண்ணும் வராது." பிறகு இதையும் சொன்னாய். "தங்கச்சிக்கு வராம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எந்தத் தங்கச்சி?" என்று கேட்டேன்.

"தர்ஷினிதாம்மா" என்றாய்.

அந்த வாரமே பேராசிரியை டயகமவுக்கு வந்தார். ரிப்போட்டைத் தபாலில் அனுப்பியிருக்கலாம். வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்து, அண்ணனின் காம்பிராவில் பாயில் உட்கார்ந்தார். கதவைச் சாத்தச் சொல்லவில்லை, தர்ஷினியின் சம்மதத்தோடு பக்கத்துக் காம்பிரா ஆட்களையும் கூப்பிடச் சொன்னார். என் இளமைக் காலத்திலிருந்து நான் காத்திருந்த காட்சி அது. இரத்தம் எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து, எடுத்ததில் என்ன தெரிந்தது என்று எடுத்த இடத்திலேயே உட்கார்ந்து சொன்னார்கள். விளக்கம் சொன்னது நீ. "மாமா, மலையில நீங்க கான் வெட்டாம விட்டா என்னாகும்?" என்று கேட்டாய். வாழ்நாள் முழுக்கத் தேயிலை மலையில் மழைநீர் வடியக் கான் வெட்டிய அண்ணன், "என்னாகும், தண்ணி ஓட வழியில்லாம தேங்கி மண்ண அரிச்சிக்கிட்டுப் போகும், தேயில வேரு வெளிய வந்துரும்" என்றார். "அதேதான் மாமா. சோத்துல, தண்ணியில கொஞ்சம் செம்பு எல்லாருக்கும்தான் உள்ள வருது. மிச்சத்த ஈரல் வெளிய ஓட்டிரும். எங்க ரெண்டு பேருக்கும் அந்தக் கான் வெட்டல, அவ்வளவுதான். பேயுமில்ல, செய்வினையுமில்ல."

பேச்சு முடிந்து எல்லாரும் போனபிறகு அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லதுன்னு நெனச்சித்தான் தங்கச்சி குடுத்தோம். நஞ்ச குடுத்திருக்கோம்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அண்ணி அடுப்படியிலிருந்து, "டீச்சரு, அந்த மனுசனுக்கு வெளங்கிற மாதிரி எதையாவது சொல்லுங்க, ரெண்டு நாளா திங்க மாட்டேங்குது" என்றார். நீதான் சொன்னாய். ஆளுக்கு ஒரு பிழையான பிரதியும் ஒரு நல்ல பிரதியும் அவர்களிடம் இருந்தன என்றும், எது பிள்ளைக்குப் போகும் என்பது கையில் இருக்கும் காரியம் இல்லை என்றும், இந்தப் பிழை நம் முன்னோர் கப்பலேறி வரும் முன்பே திருச்சிப் பக்கத்தில் யாரிடமோ இருந்திருக்கலாம் என்றும் சொன்னாய். "அவங்க பாவம், அவங்களுக்கும் தெரியாது மாமா." அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அவனத்தான் திட்டணும்" என்றார். அன்றிரவு சாப்பிட்டார்.

இந்தப் படிப்பை நான் மெச்சுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று பேராசிரியையை பஸ்ஸுக்கு அனுப்ப நடந்து வந்தபோது, சந்தேகக்காரியான நான், "இனிமேல் எல்லா மனநோய்க்கும் இப்படி எழுத்தைக் காட்டிவிடுவீர்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த வாட்டில் தர்ஷினிக்குப் பக்கத்துக் கட்டில்களில் இருந்த பிள்ளைகளுக்கு ஓர் எழுத்தைக் காட்ட முடியவில்லை, அங்கே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, வாழ்க்கையும் சேர்கிறது, எவ்வளவு சேர்கிறது என்று இன்னும் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்ல அவர் கூச்சப்படவில்லை. முன்பு வந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாக வந்தார்கள். நீயும் அந்தச் சொல்லைக் கைவிடாதே. யாராவது வரன் பார்க்கும் தாய் தகப்பன் உன்னிடம் வந்து, நல்ல இரத்தமா என்று பார்த்துச் சொல் என்றால், அப்படி ஒரு சோதனை இல்லை என்று சொல். வைத்தியம் பார்க்கத்தான் இந்தப் படிப்பு, ஆளைத் தள்ளிவைக்க அல்ல.

நிரோஷாவிடம் நீ முதலிலேயே சொல்லிவிட்டாய். அவர்கள் வீட்டில் கொஞ்சம் பயந்தார்கள். அவளுடைய அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பின்னுக்குப் பைத்தியம் கியித்தியம் வராதுங்களே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது, ஆனால் கேட்டது நல்லதுதான், கேட்காமல் முணுமுணுப்பது மோசம். நான் விளக்கத் தொடங்கும் முன் அந்தப் பெண்ணே வந்து, "அம்மா, சீனி வியாதிக்கு அப்பா மாத்திர குடிக்கிறாரே, அவரப் பைத்தியமின்னா சொல்றோம்?" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே தானும் போய் இரத்தம் கொடுத்தாள். அவளிடம் அந்த எழுத்தும் இல்லை, அதே மரபணுவில் வேறு பிழையும் இல்லை, ஆகவே உங்கள் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது என்று பேராசிரியை சொன்னார். இருந்தாலும் அவளைக் கட்டியிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நானும் கொடுத்தேன். உனக்குச் சொன்ன காரணம், அண்ணனின் கூடப் பிறந்தவள் என்பதால் எனக்கும் அந்த எழுத்து இருக்கலாம், தெரிந்துகொள்வது நல்லது என்பது. சொல்லாத காரணத்தை இப்போது சொல்கிறேன். இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றாய். உன் ஈரலில் இருக்கும் அதே பிழை என் உடம்பிலும் ஒன்று இருந்தால், புள்ளிக்கோட்டை மீறி ஏதோ ஒன்று உனக்கும் எனக்கும் நடுவில் எழுத்திலேயே இருந்துவிடும் என்று, இத்தனை படித்தும், நினைத்தேன். இல்லை என்று வந்தது. சுத்தமாக இல்லை. "நல்ல செய்திக்கு ஏம்மா மொகத்த இப்பிடி வச்சிக்கிறீங்க?" என்று கேட்டாய். பல் வலி என்றேன். அன்று உன் அப்பாவும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அப்பா, ஒங்களுக்குத் தேவையில்ல. நீங்க இந்தச் சொந்தமே இல்ல" என்று தாதிப் பெண்ணின் முன்னாலேயே சிரித்தாய். "இருந்தாலும் ஒரு தடவ பாரேன்" என்றார் அவர். நான் மறைத்ததை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தில் அண்ணனையும் அண்ணியையும் எங்கள் பக்கத்தில் பெற்றோராக நிற்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். பத்திரிகையில் அவர்கள் பெயரையும் அதே வரியில் சேர்க்கலாம் என்றேன். அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "படத்துல கோடு போட்டாங்க, சரி, அது வைத்தியத்துக்கு. மேடையில நான் தாய்மாமன். மால நான்தான் போடுவேன்" என்றார். அண்ணி மட்டும், "சாப்பாட்டுப் பந்தியில எங்கிட்டாவது அவனுக்கு எதிர்ல எனக்கு எடம் போடுங்க, சாப்புடுறத பாக்கணும்" என்றார். போட்டிருக்கிறேன். தர்ஷினியைக் கேட்டால், "மச்சான்னு கூப்ட்டுப் பழகிட்டேன் அத்தை, இப்ப அண்ணான்னு சொன்னா வாய் கோணுது" என்று சொல்லிவிட்டு, "ஏற்கெனவே கோணின வாய்தானே" என்று அவளே சிரிக்கிறாள். அவள் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. இந்த வருஷம் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். யாரும் முறையை மாற்ற விரும்பாததால் பத்திரிகையில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். மாத்திரையை நிறுத்தாதே. நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டவர்கள்தான் நிறுத்துகிறார்கள் என்று பேராசிரியை என்னிடம் சொல்லியிருக்கிறார். தர்ஷினிக்கு நிறுத்தத் தோன்றாது, அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அது ஞாபகம் வரும். உனக்கு ஞாபகப்படுத்த ஒரு நோவும் இல்லை. ஐந்து வருஷம் கழித்து, பத்து வருஷம் கழித்து, நீ நன்றாக இருக்கும் ஒரு காலையில், எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்று தோன்றும். அந்த ஒன்றுமில்லாமைதான் மாத்திரை செய்கிற வேலை. கண்ணால் காணாததை நம்பாதே என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான், இந்த ஒரு விஷயத்தில் நம்பச் சொல்கிறேன். அதை நிரோஷாவின் வேலையாக ஆக்கிவிடாதே. அவள் உனக்கு மனைவியாக வருகிறாள், தாதியாக அல்ல.

முகூர்த்தம் விடிகாலையில். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டிய மாத்திரை, குடித்தபின் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது. அந்த நேரம் பார்த்துத்தான் பெண் வீட்டார் பாலும் பழமும் கொண்டுவந்து வாயருகில் நீட்டுவார்கள், சுற்றி நின்று வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கையை எடுத்துக் கும்பிட்டு, கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று சொல். மாப்பிள்ளைக்கு இப்போதே இவ்வளவு திமிரா என்று மஸ்கெலியாக்காரர்கள் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். வளர்த்த விதம் சரியில்லை என்றும் சொல்வார்கள். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா